ஆள் குளிர்ந்தால் ஆடும் மயில்

கோவில்பட்டி மக்களுக்கு ரசனை குறைவு என்ற உண்மை ஒரு கணக்கெடுப்பின் மூலமாகத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. வட்டார ரசனை மேம்பாட்டு வாரியம் என்று ஒன்று இருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது. அதுதான் நம் ரசனைக் குறைவுக்கு முதல் சான்று என்று வாரியம் கருதியது. அங்கிருந்து வந்தவர்கள் வண்டிப்பேட்டைத் தெருவில் வீடு வீடாக ஏறி, "கடைசியாக எப்போது ஒரு வெளிச்சத்தை நின்று நிதானமாகப் பார்த்து மகிழ்ந்தீர்கள்?" என்று கேட்டார்கள். தெருவே ஒரே மாதிரி பதில் சொன்னது.

"போன கரண்டு திரும்பி வந்தப்ப."

போதாதா? "ஒளி சார்ந்த அழகுணர்வில் பின்தங்கிய பகுதி" என்று தெரு அறிவிக்கப்பட்டுவிட்டது. பின்தங்கிய பகுதி என்று பெயர் விழுந்தபிறகு நிதி வருவதை யார் தடுக்க முடியும்? வந்தது. அதன் பின்னாலேயே ஒரு சுவரும் வந்தது.

சுவர் வந்து நின்ற இடம்தான் வில்லங்கமாகப் போயிற்று. அந்தத் தெரு முக்கில் காளீஸ்வரி இட்லிக்கடை போட்டிருக்கிறாள். கடைக்கு எதிரே ஒரு காலி இடம். தண்ணீர் லாரி வந்து நிற்பது அங்கேதான். லாரி என்றைக்கு வரும் என்று லாரிக்கே தெரியாது என்பதால், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் அங்கே எந்நேரமும் வரிசையில் உட்கார்ந்திருக்கும். வாரியத்து ஆட்கள் அவற்றை "காட்சிக்கு இடையூறான வண்ணப் பொருட்கள்" என்று சொல்லி அப்புறப்படுத்தினார்கள். குடம் போன கையோடு லாரியும் போயிற்று.

"நிக்க எடமில்லாத தெருவுக்கு நான் எப்படிக்கா வருவேன்? ரோட்டுல நிறுத்தினா டிராபிக்காரவுக வையுதாவ," என்று கையை விரித்துவிட்டான் லாரி ஓட்டுகிற சீனி.

அன்றைக்குப் பிடித்தது காளீஸ்வரிக்குக் கவலை. இட்லிக்கடை என்பது என்ன? முக்கால்வாசி தண்ணீர்தான். அரிசி ஊற, உளுந்து ஊற, அடுப்பில் ஆவி கிளம்ப, சாம்பார் பெருக, தட்டு கழுவ என்று எல்லாவற்றுக்கும் அது வேண்டும். விலைக்கு வாங்கி ஊற்றினால் இட்லி விலை ஏறும். ஏறினால் ஆள் வராது. ஆள் வராவிட்டால் கடையைச் சாத்திவிட்டு, பழையபடி தீப்பெட்டி ஆபீசில் போய் உட்கார வேண்டியதுதான். அந்த மருந்து வாடைக்குத் தப்பித்து வந்து போட்ட கடை இது. விடுவாளா? நேரே போய் வட்டார ரசனை அலுவலர் பாண்டியராஜனைப் பிடித்தாள்.

பாண்டியராஜன் கெட்ட மனுசர் இல்லை. அதற்கு முந்தின வாரம்வரை நெல் மூட்டைகளுக்கு ஈரப்பதம் பார்த்துக்கொண்டிருந்தவர். திடீரென்று ரசனைக்கு மாற்றிவிட்டார்கள். ஆணை வந்த பின் ரசிக்காமல் இருக்க முடியுமா?

"சார், லாரி நிக்க எடத்துல இந்தச் சுவரு என்னத்துக்கு?"

"சுவர்னு சொல்லாதம்மா. இது கலை. இது உங்களோட உறவாடும்."

"உறவாட எங்க தெருவுல ஆளுக்கா பஞ்சம்? தண்ணிக்குத்தான பஞ்சம்."

"கேளும்மா. நீ முன்னால வந்து நின்னா போதும். உன் உடம்புச் சூட்டை இது கண்டுபிடிச்சிரும். உடனே உள்ள இருக்கற வெளிச்ச மயில் தோகை விரிக்கும். நீ நடந்தா அதுவும் கூடவே நடக்கும்."

"மயிலா? வெதச்ச பாசிப்பயறப் பூராம் காட்டுல அதுதான் கொத்தித் தின்னுட்டுப் போவுது. தெருவுக்குள்ளயும் கூட்டியாந்துட்டியளாக்கும்!"

பாண்டியராஜன் இதைப் பொதுமக்கள் காட்டிய பேரார்வம் என்று குறித்துக்கொண்டார்.

சித்திரை மாதத்தில் ஒரு நல்ல நாள் பார்த்துத் திறப்பு விழா வைத்தார்கள். சித்திரை வெயில் எப்படிப்பட்டது என்று கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். வெளிச்சம் எடுப்பாகத் தெரியவேண்டும் என்று சுவருக்குக் கன்னங்கரேலென்று சாயம் பூசியிருந்தார்கள். பகல் முழுக்க வெயிலைக் குடித்த அந்தச் சுவர், பொழுது சாய்ந்த பிறகும் தோசைக்கல்லாக இருந்தது.

சென்னையிலிருந்து வாரியத்தின் இயக்குநர் வந்தார். காரின் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து மார்கழி மாதம் வெளியே வந்தது. அதன் பின்னால் இயக்குநர் இறங்கி, சுவர் முன் நின்று கைகூப்பினார். ஆகா! சும்மா சொல்லக் கூடாது, நீலமும் பச்சையுமாகத் தோகை சுவர் முழுக்க விரிந்தது. அவர் வலப்பக்கம் நகர, மயிலும் நகர்ந்தது. கூட்டம் வாயைப் பிளந்தது. காளீஸ்வரியே ஒரு நிமிசம் லாரியை மறந்துவிட்டாள்.

"இந்தக் கலைக்கு ஏழை இல்லை, பணக்காரன் இல்லை," என்று இயக்குநர் மைக்கைப் பிடித்தார். "மனிதனின் கதகதப்பு ஒன்றைத்தான் இது பார்க்கும்!"

பேசப்பேச அவருக்கு வியர்த்தது. வியர்த்துச் சட்டை முதுகோடு ஒட்டியது. மயில் ஒவ்வொரு இறகாக மடக்கிக்கொண்டே வந்து, "மனிதநேயம்" என்ற இடத்தில் மொத்தமாக அணைந்துபோயிற்று.

"இப்போது பொதுமக்கள் வரலாம்," என்று பாண்டியராஜன் அவசரமாக அறிவித்தார்.

பொதுமக்கள் வந்தார்கள். நின்றார்கள், நடந்தார்கள், கையை ஆட்டினார்கள். பக்கத்துச் சர்பத் கடை அப்துல் ரவூப், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குதிகூடக் குதித்துப் பார்த்தார். காளீஸ்வரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து காட்டினாள். சுவர் கம்மென்று இருந்தது. அதற்குள் இயக்குநர் காருக்குள் போய் உட்கார்ந்து, ஏசியில் இளைப்பாறி, மறுபடி இறங்கினார். மயில் படக்கென்று தோகையை விரித்தது.

"பாத்தியளா பாய், ஆபீசர் வந்தா மட்டும் ஆடுது."

"நம்மள மனுசக் கணக்குலயே சேக்கலையே தங்கச்சி," என்றார் ரவூப்.

தெருக்காரர்கள் யாருக்கும் இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. அரசாங்கத்துச் சாமான் வேறு எப்படி இருக்கும் என்று கலைந்து போனார்கள். ஆனால் இயக்குநர் காரில் ஏறும்போது பாண்டியராஜனிடம் மெதுவாக ஒன்று சொல்லிவிட்டுப் போனார். சுவரில் ஆளை எண்ணுகிற கருவி இருக்கிறது. அடுத்த தடவை வரும்போது அதில் மக்கள் பங்கேற்பு தெரியவேண்டும். தெரியாவிட்டால் சுவர் இங்கேயே இருக்கும், பாண்டியராஜன் இருக்கமாட்டார்.

சுவரைச் செய்து கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டார் அவர்.

"அங்க வெயில் எப்படி சார்?" என்றான் கம்பெனிப் பையன்.

"வெயில்னா... வெயில்தான்."

"அதான் விசயம். இதுல இருக்கற கருவி பனி பெய்யற நாட்டுல செஞ்சது சார். சுத்தி எல்லாம் ஜில்லுன்னு இருக்கும், மனுசன் மட்டும் சூடா இருப்பான். அந்த வித்தியாசத்தை வச்சுத்தான் இது ஆளைப் பாக்கும். உங்க ஊர்ல மனுசனும் சுவரும் ஒரே சூடு. அதனால அதுக்கு மனுசனே தெரியமாட்டான். உங்க இயக்குநர் சுவரைவிடக் குளிர்ச்சியா வந்தாரு, தெரிஞ்சாரு."

பாண்டியராஜன் உதவியாளர் தங்கப்பாண்டியனை உட்காரவைத்து ஆலோசனைக் கூட்டம் நடத்தினார். கூட்டத்தில் இரண்டே பேர் என்பதால் விவாதம் கட்டுக்கோப்பாக நடந்தது.

"கருவியை மாத்திரலாமா சார்?"

"டெண்டர் முடிஞ்ச பொருளை மாத்தறதுக்கு விதியில இடமில்லை."

"சுவருக்கு ஒரு ஏசி போட்டு..."

"எனக்கே போடலையேய்யா. சுவருக்கு எந்த அடிப்படையில போடுவாங்க?"

"அப்ப என்ன சார் செய்ய?"

பாண்டியராஜன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "விதிப்படி மாத்தக்கூடியது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு," என்றார். "மக்கள்."

இப்படித்தான் "பார்வையாளர் குளிர்விப்பு நீர்" என்ற செலவினம் பிறந்தது. இந்தப் பக்கம் காளீஸ்வரி குடிநீர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, "கோடை காலம், நீர் இருப்பு இல்லை" என்ற பதிலை வாங்கி வந்துகொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அதே அலுவலகத்துக்குக் கலையின் பெயரால் ஒரு கோரிக்கை போனது. குடிப்பதற்கு என்றால்தான் பற்றாக்குறை. பண்பாட்டுக்கு என்றால் தனி ஒதுக்கீடு இருந்தது. சாயங்காலம் லாரி வந்துவிட்டது. அதே லாரி, அதே சீனி. முன்னால் மட்டும் "கலைப்பணி ஊர்தி" என்று ஒரு பலகை தொங்கியது. அந்தப் பலகைக்கு ரோட்டில் நிற்க அனுமதி உண்டாம்.

லாரியைக் கண்டதும் காளீஸ்வரிக்குக் கண் கலங்கிவிட்டது. "சார், நல்லா இருப்பிய! எங்களுக்குத் தண்ணி கொண்டாந்துட்டியளே!"

"உங்களுக்கு இல்லம்மா," என்றார் பாண்டியராஜன். "உங்க மேல."

அவர் கையைக் காட்ட, சீனி ஓஸ் பைப்பைத் தூக்கிப் பிடித்துப் பொதுமக்கள் மேல் பீய்ச்சினான். பிள்ளைகள் ஆடின. பெரியவர்கள் நனைந்தார்கள். நனைந்தவர்கள் போய் நிற்க, மயில் சிலிர்த்து எழுந்தது. கருவியில் எண்ணிக்கை ஏறியது. பாண்டியராஜன் முகத்தில் அப்படியொரு சந்தோசம். காளீஸ்வரி மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை தண்ணீரையும் கரிசல் மண் கடகடவென்று குடித்துவிட்டு, குடித்த சுவடே இல்லாமல் கிடந்தது. எத்தனை ஈடு இட்லி இந்த மண்ணுக்குள் போகிறது!

மறுநாள் சாயங்காலம் அவள் வந்து நின்ற கோலத்தைப் பார்த்துத் தெருவே சிரித்தது. தலையில் சும்மாடு. சும்மாட்டின் மேல் வாயகன்ற குடம் ஒன்று.

"குடத்தை இறக்கி வைம்மா. தண்ணி புடிக்க அனுமதி இல்லை."

"எறக்கி வச்சாத்தான் சார் தண்ணி புடிக்கது. தலையில இருந்தா நான் நனையுதேன். மேல ஊத்தணும்னுதான உங்களுக்கு உத்தரவு? என் மேல இந்தா கொடம் இருக்கு. ஊத்தச் சொல்லுங்க."

பாண்டியராஜன் உத்தரவை எடுத்துப் பார்த்தார். பார்வையாளர் மீதும் அவர்தம் உடை, தலைப்பாகை, அணிகலன்கள் மீதும் நீர் ஊற்றலாம் என்று இருந்தது. குடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சீனி குடத்தை நிரப்பிவிட்டான். அவன் பழக்கம் அப்படி. நிறைகுடத்தோடு காளீஸ்வரி சுவர் முன் போய் நின்றாளோ இல்லையோ, இயக்குநருக்குக்கூட விரியாத அளவுக்குத் தோகை விரிந்தது. ஜில்லென்று ஒரு குடம் தண்ணீர் வந்து நின்றால் அந்தப் பனிநாட்டு மயிலுக்குக் கொண்டாட்டம்தானே! இன்னும் ஒரு வேடிக்கை, கருவி அவளை ஒரு ஆளாகவும் குடத்தை இன்னொரு ஆளாகவும் எண்ணிக்கொண்டது.

பாண்டியராஜன் எண்ணைப் பார்த்தார். குடத்தைப் பார்த்தார். "குடம் தலையணிகலன் வகையில் சேரும்," என்று தீர்ப்புச் சொன்னார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? தெருவே குடமும் தலையுமாக வந்தது. பிறகு பக்கத்துத் தெருக்கள் வந்தன. இடுப்பில் இன்னொரு குடத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தவர்களைக் கருவி மூன்று பேராக எண்ணியது. கழுகுமலையிலிருந்து காலிக் குடங்களோடு ஒரு கூட்டம் பஸ் ஏறி வந்தது, கண்டக்டர் லக்கேஜ் போட்டதற்கு, "ஏன் அண்ணாச்சி, கலை பாக்கப் போறவகளுக்கு லக்கேஜா?" என்று சண்டை பிடித்தார்களாம். நனைந்தவர்களுக்கு உடம்பு காயும் முன் உள்ளேயும் குளிரட்டும் என்று ரவூப் நன்னாரி சர்பத் விற்றார். மயில் அந்த ஐஸ் கிளாசுக்கும் ஒரு இறகை நீட்டியது. அதுவும் கணக்கில் ஏறியது.

காளீஸ்வரி கடையில் இட்லி பஞ்சுபோல வந்தது. ரெண்டாவது தரம் சாம்பார் கேட்டால் முகம் சுளிக்காமல் ஊற்றினாள். வாழ்க்கையில் முதல்தடவையாகத் தட்டை ரெண்டு தண்ணீரில் அலசினாள். மயில் மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம் வந்துவிட்டது.

வாரியம் அறிக்கை விட்டது. கோவில்பட்டியில் ரசிகர்களின் எண்ணிக்கை மக்கள்தொகையைத் தாண்டிவிட்டதாக அதில் கண்டிருந்தது. அது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. நல்ல செய்தியை எதற்குக் கேள்வி கேட்க வேண்டும்?

அறிக்கையைப் படித்துவிட்டு, சுவரை வடிவமைத்த கலைஞர் சக்திகுமார் சென்னையிலிருந்து வந்தார். கசங்கியே தைத்த சட்டை, ரப்பர் செருப்பு, தோளில் சாக்குப்பை. ரவூப் பரிதாபப்பட்டுச் சர்பத்தை இலவசமாகக் கொடுத்தார். அந்தச் செருப்பு விலைக்கு ஒரு ஆடு வாங்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. குடத்தோடு வரிசையில் நின்ற பெண்களைச் சக்திகுமார் கண் கொட்டாமல் பார்த்தார்.

"நான் இதைத்தான் நினைச்சேன்," என்றார் தழுதழுத்து. "ஆரம்பத்துலேர்ந்தே இது தண்ணியைப் பத்தின படைப்புதான். இந்த உடல்கள்... இந்தச் சுமை... அம்மா, குடத்தோட நிக்கும்போது உங்களுக்குள்ள என்ன நடக்குது?"

"கழுத்து வலிக்கி," என்றாள் காளீஸ்வரி.

சக்திகுமார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் எழுதியதைப் படித்துவிட்டுப் பட்டணத்து ரசிகர்கள் கார் காராக வந்து இறங்கினார்கள். பளபளக்கும் பித்தளைக் குடத்தைத் தலையில் வைத்து, நனைந்து, மயிலோடு படம் எடுத்து, எடுத்ததும் தண்ணீரைக் கீழே கொட்டினார்கள். காளீஸ்வரி ஓடிப்போய் அண்டாவை வைத்தாள். "இங்கன ஊத்துங்க தம்பி, இதுவும் கலைதான்." அதற்குப் பிறகு அண்டாவில் ஊற்றுவது சடங்காகி, அதைப் படம் எடுக்கவும் தனியாக ஆள் வந்தது.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த சமயத்தில்தான் அந்த விபரீதம் நடந்தது. குடிநீர் அலுவலகம் ஒரு மனுவின் மேல் நடவடிக்கை எடுத்துவிட்டது.

மேற்பார்வையாளர் ராஜபாண்டி என்பவர் ஒரு லாரி நிறையக் குழாயும், தோண்டுகிற ஆட்களும் பின்னால் வர, ஜீப்பில் வந்து இறங்கினார். வண்டிப்பேட்டைத் தெருவுக்கு வீட்டுக்கு வீடு குழாய் வேண்டும் என்று எத்தனையோ வருசங்களுக்கு முன்னால் ஒரு மனு போயிருந்தது. முதல் கையெழுத்து காளீஸ்வரியுடையதுதான். ராஜபாண்டி உற்சாகமாக வந்தார். மாலை போடுவார்கள் என்றுகூட எதிர்பார்த்திருக்கலாம், பாவம்.

"லைன் இப்படியே நேராப் போகுது. இந்தச் சுவரை மட்டும் எடுத்துட்டா நாளைக்கே வேலை ஆரம்பம்," என்றார்.

"எதை எடுக்கணும்?" என்று கரண்டியோடு வெளியே வந்தாள் காளீஸ்வரி. "ஏட்டி, எல்லாரும் வாங்கட்டி! மயில எடுக்க வந்துருக்காவ!"

அடுத்த நிமிசம் தெரு முழுக்கக் குடங்களோடு சுவரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. "தொடாதே தொடாதே, மயிலைத் தொடாதே! பறிக்காதே பறிக்காதே, ரசனையைப் பறிக்காதே!" பாண்டியராஜன் ஓடிவந்தவர், மக்களின் கலையுணர்வைக் கண்டு உள்ளபடியே அழுதுவிட்டார்.

ராஜபாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா இது! கொழாய் கேட்டு எழுதினதே நீங்கதான?"

"ஆமா, எழுதினோம். கொழாய் வந்தா தண்ணி வருமா சார்?"

"கொழாய் வரும்."

"தண்ணி?"

ராஜபாண்டி நேர்மையான மனுசர். "அது வேற பிரிவும்மா," என்றார்.

"பாத்தியளா? மயிலு அப்படியில்ல சார். மயிலு இருந்தா லாரி வரும், லாரி வந்தா தண்ணி வரும். கொழாய வச்சுக்கிட்டு நாங்க என்ன, துணியா காயப்போட?"

ராஜபாண்டி குறிப்பேட்டை எடுத்தார். "இப்பகுதியில் தண்ணீர் கேட்பார் எவருமில்லை" என்று எழுதிக்கொண்டு, குழாய்களைத் திருப்பி ஏற்றச் சொன்னார். வெயிலில் நின்று நின்று அவருக்கு நாக்கு வறண்டுவிட்டது.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்க."

காளீஸ்வரி மனசு இளகிச் செம்பு நிறையக் கொடுத்தாள். மடக்மடக்கென்று குடித்துவிட்டு, செம்பின் அடியில் கிடந்த கடைசிச் சொட்டை அவர் அண்ணாந்து வாயில் கவிழ்த்த விதம் அவளுக்கு எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே? இந்தத் தெருவில்தான்.

"உங்க வீட்டுலயும் வரலையோ சார்?"

ராஜபாண்டி அக்கம்பக்கம் பார்த்தார். "வந்து ரொம்ப நாளாச்சும்மா," என்றார் தணிந்த குரலில். "எங்க தெருவுக்குக் கொழாய் போட்டதே நான்தான்."

அவள் செம்பை வாங்கிக் கீழே வைத்தாள். சாயங்கால லாரி வந்ததும், தன் சும்மாட்டை அவர் தலையில் வைத்து, அதன் மேல் குடத்தையும் வைத்து, வரிசையில் முன்னால் நிறுத்தினாள். சீனி ஊற்றினான். குடிநீர் அலுவலகத்து மேற்பார்வையாளர் நிறைகுடத்தோடு சுவர் முன் தடுமாறி நிற்க, மயில் தோகை விரித்து அவரை இரண்டு பேராக எண்ணிக்கொண்டது. குடம் தளும்பாமல் அவர் ஜீப்பில் ஏறியதை ரவூப் கைதட்டி வழியனுப்பினார்.

அடுத்த நாள் வாரியத்துக்கு ஒரு விண்ணப்பம் வந்து சேர்ந்தது. தாம் வசிக்கும் தெருவில் ரசனை மிக மோசமாக வறண்டு கிடப்பதாகவும், குழந்தை குட்டிகளோடு கலையில்லாமல் சொல்லொணாத் துன்பப்படுவதாகவும், கருணைகூர்ந்து ஒரு மயில் ஒதுக்கித் தரும்படியும் ராஜபாண்டி எழுதியிருந்தார். கீழே பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் ஒரு கையெழுத்து இருந்தது.

காளீஸ்வரி, கலை ரசிகை, வண்டிப்பேட்டைத் தெரு.